சத்துமாவு விற்கிறீர்களா? உங்கள் இடுப்புக்கும் விலை போடுங்கள்!

‘‘டாக்டர், குனிஞ்சா நிமிர முடியலை... நிமிர்ந்தா குனிய முடியலை!’’

சிரித்துக்கொண்டேதான் சொன்னார் அந்த அம்மா. வயது 42. கணவருக்குத் தனியார் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. பிள்ளைகள் இருவரும் படிக்கிறார்கள். நாடி பார்த்தேன், விசாரித்தேன். இடுப்பு வலி மட்டும் இல்லை. ராத்திரி தூக்கம் சரியில்லை, காலையில் புளித்த ஏப்பம், மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை நீர்க்கடுப்பு.

‘‘என்ன வேலை பாக்கறீங்கம்மா?’’

‘‘வீட்டுல சும்மாதான் இருக்கேன் டாக்டர்.’’

கூட வந்த மகளுக்குப் பொறுக்கவில்லை. ‘‘சும்மாவா? அம்மா சத்துமாவு பிஸினஸ் பண்றாங்க டாக்டர். வாரத்துக்கு இருபது கிலோ!’’

வாரம் 20 கிலோ தானியத்தைப் புடைத்து, முளைகட்டி, வறுத்து, அரைத்து, பாக்கெட் போட்டு விற்கிற ஒருவர் தன்னைப் பற்றி ‘சும்மா இருக்கேன்’ என்கிறார். அவருடைய நோய்க்கு மூலகாரணத்தை நான் அந்த ஒரு வார்த்தையிலேயே பிடித்துவிட்டேன் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். மேலே படியுங்கள்.

‘வைத்தியருக்கு வியாபாரத்தில் என்ன வேலை?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், இட்லிப்பொடி செய்பவர், அப்பளம் இடுபவர், ஜாக்கெட் தைப்பவர், கேக் செய்பவர், நாலு வீட்டுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பவர் என்று வீட்டுத் தொழில் செய்கிற பெண்கள் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறார்கள். கடன் வாங்கிக் கடை போட்டவர் நொடித்துப்போனால் ஊருக்கே தெரியும். வீட்டுத் தொழிலில் நொடித்துப்போவது முதல் இல்லை, உடம்பு. அது கணக்கு நோட்டில் வராது. என் மேஜைக்கு முன்னால்தான் வரும்.

சித்த மருத்துவத்தில் ‘வேகங்கள்’ என்று 14 சொல்லியிருக்கிறார்கள். உடம்பு தானாகக் கேட்கிறவை அவை. பசி, தாகம், தூக்கம், தும்மல், கொட்டாவி, சிறுநீர், மலம் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். இவற்றை அடக்கக் கூடாது, அடக்கினால் நோய் வரும் என்பது பாளையங்கோட்டையில் நாங்கள் மாணவர்களாக இருந்தபோது ஆரம்பத்திலேயே படித்த பாடம். அந்த அம்மாவின் ஒரு நாளைக் கேட்டால், காலையிலிருந்து ராத்திரி வரை இந்த வேகங்களை அடக்குவதுதான் அவருக்குத் தொழிலாகவே இருந்தது!

அடுப்பில் கடாய் இருக்கும்போது நகர முடியாது; கேழ்வரகு கருகிவிடும். ஆகவே சிறுநீரை அடக்குகிறார். அடிக்கடி போக வேண்டி வருமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு வராமல் என்ன செய்யும்? ‘இந்த ஈடு முடியட்டும், அப்புறம் சாப்பிடலாம்’ என்று காலைப் பலகாரம் பதினோரு மணிக்குப் போகிறது. புளித்த ஏப்பத்துக்குக் காரணம் அங்கே இருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ‘அக்கா, நாளைக்கு ரெண்டு கிலோ கிடைக்குமா?’ என்று ஒருவர் கேட்பார். பதில் போட்டுவிட்டு, முளைகட்டிய துணியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படுக்கப் போகும்போது பன்னிரண்டு. இடுப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தரையில் உட்கார்ந்து, முன்னால் குனிந்தபடி மூன்று மணி நேரம் வறுக்கிறார். பிறகு அதே தரையில் அதே குனிவில் பாக்கெட் போடுகிறார்.

மருந்து கொடுத்தேன். தடவிக்கொள்ளத் தைலம் கொடுத்தேன். சிறுநீர்ப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தேன். கடைசியில், ‘‘அடுத்த தடவை வரும்போது உங்க கணக்கு நோட்டையும் எடுத்துட்டு வாங்க’’ என்றேன். என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

நோட்டு வந்தது. பத்து கிலோ கொண்ட ஓர் ஈட்டுக்குத் தானியம், பருப்பு, முந்திரி, ஏலக்காய் எல்லாம் சேர்த்து 1,510 ரூபாய். கிலோ 220 வீதம் பத்து கிலோ விற்றால் 2,200. லாபம் 690 என்று வட்டம் போட்டு எழுதியிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

‘‘பத்து கிலோ போட்டா பத்து கிலோ மாவு வருதாம்மா?’’ என்று கேட்டேன். யோசித்தார். கல், தூசி, பதர் போகிறது. முளைகட்டும்போது கொஞ்சம் குறைகிறது. வறுக்கும்போது ஈரம் போகிறது. மில்லில் மிஷினோடு கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. சலித்தால் கப்பி நிற்கிறது. கைக்கு வருவது ஒன்பது கிலோதான். ஆக, வரவு 1,980. மில் கூலி 150. ஆட்டோவுக்கு 80. கவரும் லேபிளும் 108. வீட்டு கேஸ்தானே என்று அவர் எழுதாமல் விட்ட கேஸ் 90. கூட்டிப் பார்த்தோம். செலவு 1,938 ரூபாய். மிச்சம்?

42 ரூபாய்!

இதற்கு அவர் கொடுத்த நேரம் எவ்வளவு? புடைக்க, கல் பொறுக்க 2 மணி. ஊறவைத்து, கட்டி, அவிழ்த்து, காயவைக்க இரண்டரை. வறுக்க 3. மில்லுக்குப் போய்க் காத்திருந்து வர ஒன்றரை. சலித்து, நிறுத்து, பாக்கெட் போட 2. மொத்தம் 11 மணி நேரம். அதாவது மணிக்கு 4 ரூபாய்கூட இல்லை. அந்த அம்மா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘‘நான் ஏதோ குடும்பத்துக்கு உதவியா இருக்கேன்னு நினைச்சேனே டாக்டர்...’’ என்றபோது குரல் கம்மிவிட்டது.

இது அவருடைய தவறு என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுத் தொழில் தொடங்குகிற பெண்களில் நூற்றுக்கு எத்தனை பேர் தங்கள் கூலியை அடக்க விலையில் சேர்க்கிறார்கள்? நான் கேட்ட வரையில் ஒருவர்கூட இல்லை. ‘எனக்கு நானே எதுக்குக் கூலி போட்டுக்கணும்?’ என்கிறார்கள். காரணம் அந்தச் ‘சும்மா’தான். ‘வீட்டுல சும்மா இருக்கிற நேரத்துல நாலு காசு சம்பாதிக்கலாமே’ என்று கணவர் சொல்கிறார், மாமியார் சொல்கிறார், நம் பத்திரிகைகளும்தான் சொல்கின்றன. சும்மா கிடைக்கிற பொருளுக்கு யார் விலை போடுவார்கள்?

வீட்டிலிருந்தே செய்வதில் சௌகரியம் இல்லை என்று சொல்ல வரவில்லை. கடை வாடகை கிடையாது, பிள்ளைகள் கண் முன்னால் இருப்பார்கள், பஸ் பிடித்து ஓட வேண்டாம். வாஸ்தவம். ஆனால், அந்தச் சௌகரியத்தின் பலன் முழுவதும் வாங்குகிறவருக்குக் குறைந்த விலையாகப் போய்ச்சேருகிறது. அதன் கஷ்டம் முழுவதும் உங்கள் இடுப்பில் இறங்குகிறது. இது எந்த ஊர் நியாயம்?

வீட்டு வேலைக்கும் கூலி உண்டு என்று ஒத்துக்கொண்டு நடந்த தொழிலுக்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1959 மார்ச் 15-ம் தேதி மும்பையின் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள், கடனாக வாங்கிய 80 ரூபாயில் அப்பளம் இட ஆரம்பித்தார்கள். அதுதான் ‘லிஜ்ஜத்’ அப்பளம். மாவு பொதுவான இடத்தில் பிசையப்படும். உறுப்பினர்கள் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் இட்டு, காயவைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். கொண்டுவந்த அப்பளத்தை நிறுத்து, எடைக்கு ஏற்றபடி இட்ட கூலி கொடுத்துவிடுவார்கள். லாபத்தில் பங்கு என்பது அதற்கு அப்புறம்! வேலை நடப்பது என்னவோ வீட்டில்தான். ஆனால், அது ‘சும்மா’ வேலை இல்லை. தனியாக ஒருவரே செய்கிற தொழிலுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். முதலில் உங்களுக்குக் கூலி, பிறகுதான் லாபம்.

அந்த அம்மாவுக்கும் அப்படியே போட்டுப் பார்த்தோம். மணிக்கு 60 ரூபாய் என்று குறைவாகவே வைத்துக்கொண்டோம். 11 மணிக்கு 660. செலவோடு சேர்த்தால் 2,598. ஒன்பதால் வகுத்தால் கிலோவுக்கு அடக்கமே 289 ரூபாய் ஆகிறது. கெட்டுப்போவது, ருசி பார்க்கக் கொடுப்பது, அடுத்த ஈட்டுக்கு முதல் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் சேர்த்து 320 என்று எழுதினேன்.

‘‘முன்னூத்தி இருபதா! யார் டாக்டர் வாங்குவா?’’

இந்த பயம்தான் எல்லோரையும் கீழே இழுக்கிறது. விலையை ஏற்ற பயம், குறைத்தாலோ கட்டுப்படி ஆகாது. அப்போது சிலருக்கு ஒரு குறுக்கு வழி தோன்றுகிறது. இங்கேதான் ஒரு சித்த மருத்துவனாக எனக்குக் கோபம் வருகிறது. பாக்கெட்டின் மேல் ‘சர்க்கரை நோயை வேரோடு நீக்கும்’, ‘மூட்டுவலி பறந்துபோகும்’ என்று அச்சடித்துவிடுகிறார்கள். என்னிடம் வருகிற ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், அப்படி ஒரு பாக்கெட்டை நம்பி மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டு தினம் இரண்டு வேளை மாவுக்கஞ்சி குடித்திருக்கிறார். சர்க்கரை 380-ஐத் தாண்டிய பிறகுதான் வந்தார். கஞ்சி என்பது தானியம்தானே? அது சர்க்கரையை ஏற்றாமல் என்ன செய்யும்?

சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றே தடைசெய்திருக்கிறது. சூரணம், லேகியம் என்று மருந்து செய்து விற்க, 1940-ம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். கூந்தல் தைலமும் முகப்பூச்சும் தயாரித்து விற்கவும் அப்படித்தான். ‘பாட்டி சொன்ன பக்குவம்’ என்பது லைசென்ஸ் ஆகாது. கடுக்காயின் கொட்டையை நீக்க வேண்டும், சுக்கின் மேல்தோலைச் சீவ வேண்டும் என்பதுபோல ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு சுத்தி முறை இருக்கிறது. சரியாகச் சுத்தி செய்யாத சேராங்கொட்டை தோலையே புண்ணாக்கிவிடும். நாங்கள் வருஷக்கணக்கில் படித்தது இதைத்தான். தயவுசெய்து நீங்கள் உணவை விற்றுக்கொள்ளுங்கள். மருந்தை எங்களிடம் விட்டுவிடுங்கள்.

உணவை விற்பதற்கும் பதிவு உண்டு. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டில் சிறிய அளவில் செய்கிறவர்களுக்கு எளிய பதிவு முறை இருக்கிறது. பதிவு செய்தால் 14 இலக்க எண் கிடைக்கும். பாக்கெட்டின் மேல் அதையும், எடை, தயாரித்த தேதி, விலை, உங்கள் முகவரி எல்லாவற்றையும் போடுங்கள். சிறுதொழில் என்பதற்கான ‘உத்யம்’ பதிவு 2020-லிருந்து இணையத்தில் இலவசமாகவே நடக்கிறது. அதற்கு யாராவது ஆயிரம், இரண்டாயிரம் கேட்டால் கொடுத்து ஏமாறாதீர்கள்.

தேதி என்றதும் இன்னொன்று. சூரணத்துக்கு ஆயுள் மூன்று மாதம் என்பது எங்கள் முறை. சத்துமாவில் முந்திரி, பாதாம், நிலக்கடலை சேர்த்தால் அவ்வளவு நாள்கூடத் தாங்காது. எண்ணெய்ச் சத்து காற்றுப்பட்டுக் காறல் வாடை வந்துவிடும். முளைகட்டிய தானியம் உள்ளே ஈரமாக இருந்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த கடலையில் உண்டாகும் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கக் கூடியது. வறுத்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், போகாது. உங்கள் மாவைச் சாப்பிடப்போவது பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். சந்தேகமாக இருந்தால் அந்த ஈட்டையே கொட்டிவிடுங்கள். அதற்கும் சேர்த்துத்தான் விலை போடச் சொல்கிறேன்!

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். தரையில் உட்கார்ந்து வறுப்பதை விட்டுவிட்டு, இடுப்பளவு மேடையில் அடுப்பை வைத்து நின்று வறுங்கள். முக்கால் மணிக்கு ஒரு தடவை அடுப்பை அணைத்துவிட்டு நாலு எட்டு நடந்து, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். மாவு சலிக்கும்போதும் மிளகாய் வறுக்கும்போதும் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக் கட்டுங்கள். இளைப்பு இருக்கிறவர்கள் அந்த வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதே நல்லது. ராத்திரி எட்டு மணிக்குமேல் ஆர்டர் எடுக்காதீர்கள். கடைக்காரர் ஷட்டரை இறக்குகிறார் அல்லவா, நீங்களும் இறக்குங்கள்.

இதைப் படிக்கிற கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. மில்லுக்கு மூட்டையைத் தூக்கிப்போவது உங்கள் வேலையாக இருக்கட்டும். வண்டி வைத்திருக்கிறீர்கள்தானே?

அந்த அம்மா ஒருவழியாக விலையை ஏற்றினார். 20 கிலோவுக்கு ஆள் இல்லை, 12 கிலோதான் போனது. அக்கம்பக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் உண்டு. எதிர்வீட்டுக்காரர், ‘உனக்குப் பணத்தாசை வந்துடுச்சு’ என்றே சொல்லிவிட்டாராம். அதைச் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கியது. விலையை மட்டும் இறக்கவில்லை.

போன மாதம் வந்தார். நீர்க்கடுப்பு திரும்ப வரவில்லை. இடுப்பு வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் குனிந்து நிமிர்கிறார். ‘‘இப்ப என்ன வேலை பாக்கறீங்க?’’ என்று வேண்டுமென்றே கேட்டேன். ‘‘சத்துமாவு வியாபாரம் டாக்டர்’’ என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து அரைக் கிலோ பாக்கெட் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். தேதி இருந்தது, எடை இருந்தது, 14 இலக்க எண் இருந்தது. எந்த நோயும் தீரும் என்று எழுதியிருக்கவில்லை.

‘‘நூத்தி அறுபதா? டாக்டருக்குத் தள்ளுபடி கிடையாதா?’’

‘‘கிடையாது டாக்டர்’’ என்றார்.

பர்ஸை எடுத்தேன்.