நகல் எடுத்தால் போதுமா?

விதைநெல் சேமிக்கும் செங்கல்பட்டு உழவர், நாற்றுவிடுமுன் ஒரு பிடியை ஊறவைத்து முளைப்புத்திறனைச் சோதிக்கிறார். கணிப்பொறிக் கோப்புகளுக்கும் இத்தகைய சோதனை தேவை.

யூனிக்ஸ் இயக்கமுறையில் 1979-இல் வந்த 'டார்' என்னும் கட்டளை, பல கோப்புகளை ஒரே தொகுப்பாகக் கட்டும். மீண்டும் பிரித்தும் தரும். நம்மில் பலர் கட்டுவதோடு நின்றுவிடுகிறோம். 1998-இல் அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தில் ஒரு தவறான கட்டளை, 'டாய் ஸ்டோரி 2' படக் கோப்புகளில் பெரும்பகுதியை அழித்தது. காப்பு நகலைப் பிரித்தபோது அதுவும் பழுதாயிருந்தது! ஊழியர் ஒருவரின் வீட்டிலிருந்த நகலே கைகொடுத்தது.

மாணவ நண்பர்களே, தொகுப்பைத் தனிக் கோப்புறையில் பிரியுங்கள். அதே இடத்தில் பிரித்தால் மூலத்தின் மேலேயே எழுதிவிடும். பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். மீளாத நகல், நகலே அன்று.