வெளியாரின் அறிவு வேண்டும். தொழிலாளியின் எச்சரிக்கை வேண்டாமா?

டோம்பிவிலி தொழிற்பேட்டையில் 2024 மே 23 அன்று அமுதன் கெமிக்கல்ஸ் ஆலையின் ரியாக்டர் வெடித்துச் சிதறியது. பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சுற்றிலும் இருந்த ஆலைகளும் வீடுகளும் சேதமடைந்தன. இதே தொழிற்பேட்டையில் 2016 மே 26 அன்று புரோபேஸ் ஆலை வெடித்து 12 பேர் மாண்டனர். 2020ல் இங்குள்ள சாலை ஒன்று இரசாயனக் கழிவால் இளஞ்சிவப்பாக மாறியபோது, அன்றைய முதலமைச்சரே நேரில் வந்து பார்வையிட்டார். எச்சரிக்கைகளுக்குப் பஞ்சமில்லை, கேட்பதற்குத்தான் ஆளில்லை.

அதேவேளையில், தாங்கள் யார் சொல்வதையும் கேட்கத் தயார் என்று பெருநிறுவனங்கள் பெருமை பேசுகின்றன. அமெரிக்கப் பேராசிரியர் ஹென்றி செஸ்பரோ 2003ல் இதற்குத் 'திறந்தநிலைப் புத்தாக்கம்' என்று பெயரிட்டார். சொந்த ஆய்வகத்தை மட்டும் நம்பாமல் பல்கலைக்கழகங்கள், அரசு ஆய்வு நிறுவனங்கள், சிறு தொழில்கள், வாடிக்கையாளர்கள் ஆகியோரின் அறிவையும் பயன்படுத்துவதே இதன் சாரம். புதிய பொருட்களில் பாதியை வெளியிலிருந்து வரும் யோசனைகளைக் கொண்டு உருவாக்குவதைப் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் இலக்காகவே அறிவித்தது.

அறிவு பகிரப்படுவதை இடதுசாரிகள் எதிர்க்கவில்லை. அறிவு சமூக உழைப்பின் விளைவு. கேள்வி வேறு: பலரும் சேர்ந்து உருவாக்குவது யாருக்குச் சொந்தம்? அதன் ஆபத்தைச் சுமப்பவர் யார்?

முதல் கேள்விக்குக் கோவாக்சின் நல்ல சான்று. கொரோனா வைரசைப் பிரித்தெடுத்துக் கொடுத்தது புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம். மூன்றாம் கட்டப் பரிசோதனைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சுமார் 35 கோடி ரூபாய் செலவிட்டது. அதற்குக் கிடைத்தது 5 சதவீத ராயல்டி. பாரத் பயோடெக் நிறுவனமோ 2021 ஏப்ரலில் மாநில அரசுகளுக்கு 600 ரூபாய், தனியார் மருத்துவமனைகளுக்கு 1200 ரூபாய் என விலை அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே மாநிலங்களுக்கான விலை 400 ஆனது. காப்புரிமை விண்ணப்பத்தில் கவுன்சிலின் பெயரே விடுபட்டிருந்தது. செய்தி வெளியான பின், 2024 ஜூனில், அது தவறுதலாக நேர்ந்தது என்று கூறி நிறுவனம் பெயரைச் சேர்க்க முன்வந்தது. மக்கள் பணத்தில் நடந்த ஆய்வில் மக்களின் பெயர் விடுபட்டுப் போவதுதான் முதலாளித்துவக் 'கூட்டுறவின்' இலக்கணம்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் 2008ல் தொடங்கிய திறந்தநிலை மருந்துக் கண்டுபிடிப்புத் திட்டம், காசநோய் ஆய்வைப் பொதுவில் வைத்தது. லாபம் தராத ஏழைகளின் நோய்க்காக ஏராளமான மாணவர்களும் ஆய்வாளர்களும் அதில் தன்னார்வத்துடன் உழைத்தனர்.

இரண்டாம் கேள்விக்கு விடை டோம்பிவிலியில் இருக்கிறது. ஆபத்து நிறைந்த இரசாயன உற்பத்தி சிறு ஆலைகளின் தலையிலும், அங்குள்ள ஒப்பந்தத் தொழிலாளர் தலையிலும் சுமத்தப்படுகிறது. எந்த வால்வு கசிகிறது, எந்த ரியாக்டர் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்பதை முதலில் அறிபவர் அந்தத் தொழிலாளியே. போபால் பேரழிவுக்குப் பின் 1987ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவுகள் இந்த அறிவை மதித்தன. ஆபத்து குறித்த தகவல்களைத் தொழிலாளருக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் தெரிவிப்பது கட்டாயமாயிற்று. தொழிலாளர் பங்கேற்கும் பாதுகாப்புக் குழுக்களும், எச்சரிக்கும் உரிமையும் சட்டமாயின. ஆனால் வேலை நிரந்தரமற்ற, சங்கமில்லாத தொழிலாளி வாய் திறந்தால் மறுநாள் வேலை இருக்காது. மோடி அரசு 2020ல் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டமோ, மின்சாரம் பயன்படுத்தும் இடம் 'தொழிற்சாலை' எனக் கருதப்படுவதற்கான வரம்பை 10 தொழிலாளரிலிருந்து 20 ஆக உயர்த்திச் சிறு ஆலை முதலாளிகளுக்குச் சலுகை அளிக்கிறது.

ஆலைகளை இடம் மாற்றுவோம் என்ற அறிவிப்பு மட்டும் தீர்வாகாது. அது ஆபத்தை வேறோர் ஊருக்கு அனுப்பும், தொழிலாளரின் வேலையையும் பறிக்கும். விபத்து விசாரணை அறிக்கைகள் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். ஒவ்வோர் இரசாயன ஆலையிலும் தொழிலாளர் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளைக் கொண்ட பாதுகாப்புக் குழு இயங்க வேண்டும். பொதுப் பணத்தில் பிறக்கும் கண்டுபிடிப்பு பொதுவுடைமையாக இருக்க வேண்டும். நிறுவனங்களின் கதவுகள் உண்மையிலேயே திறந்திருந்தால், அவற்றின் வழியே முதலில் கேட்க வேண்டியது தொழிலாளியின் குரலே. தொழிற்சங்கங்களும் குடியிருப்போரும் ஒன்றுபட்டுப் போராடாமல் அந்தக் கதவு திறக்காது.