வெள்ளையாக்கப் போனால் சிவப்புத்தான் மிஞ்சும்

ஆவணி 15 திருவிழா நெருங்கினால் மடு றோட் சந்தியில இருந்து கோயில் பக்கம் போற வழியெல்லாம் பனர்தான். வரவேற்பு பனர், தண்ணீர்ப் பந்தல் பனர், கடைப் பனர், இடையில ஆரோ ஒருவரின் நினைவஞ்சலி. நடந்து போகேக்க ஒருக்கா எழுத்தை விட்டிட்டு நிறத்தை மட்டும் பாருங்கோ. மாதாவின் நீல முக்காடு கத்தரிப்பூ நிறத்தில இருக்கும். நினைவஞ்சலியில சிரிக்கிறவரின் முகம் காய்ச்சல்காரர் மாதிரிச் சிவந்திருக்கும். ஏன் எண்டு கேட்டால் கடையில ஒரே பதில்தான்: "மெசின் அப்பிடித்தான் தம்பி, பிளெக்ஸில நிறம் வராது."

இந்தப் பதிலை நாங்கள் ஏற்கவில்லை. நிறம் வரும். வராமல் பண்ணுறது ஆக்கள்.

நீலத்தின் கதை சின்னது, அதை முதலில முடிப்பம். போன் திரையில தெரியிற கடும் நீலத்தை மைக்கு மாத்தினால் சியானும் மெஜந்தாவும் கிட்டத்தட்ட ஒரே அளவில விழும். அப்பிடி விழுந்தால் கத்தரிப்பூ நிறம்தான் வரும். சியான் 100 எண்டால் மெஜந்தாவை 60, 70க்கு மேல விடக்கூடாது, அவ்வளவுதான். மாதாவின் முக்காட்டுக்கு நீலம் தீட்ட அந்தக் காலத்து ஐரோப்பிய ஓவியர்கள் ஆப்கானிஸ்தானில தோண்டின கல்லை அரைச்சுப் பாவிச்சவை, அதுக்குப் பொன்னுக்கு நிகரான விலையும் குடுத்தவை. எங்கட ஊரில ஒரு எண்ணை 30 குறைக்கப் பஞ்சி.

முகம் வேற விசயம். அதில மெசினின் பங்கு குறைவு, எங்கட சமூகத்தின் பங்கு கூட. மன்னார்க் கரையில வெயிலுக்க தொழில் செய்த ஒருவரின் மண்ணிறத் தோலை அச்சில கொண்டுவர நாலு மையும் வேணும். மஞ்சள் கூடுதலா, அதுக்குச் சற்றுக் கீழ மெஜந்தா, மெஜந்தாவில பாதிக்கு மேல சியான், அதோட கொஞ்சம் கறுப்பு. தோலுக்கு ஆழம் குடுக்கிறது அந்தச் சியானும் கறுப்பும்தான். இப்ப வீட்டுக்காரர் வந்து "அப்பாவைக் கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ" எண்டு கேக்கினம். பல இடத்தில கேக்கவே தேவையில்லை, டிசைன் செய்யிறவரே செய்துவிடுறார். கறுப்பு குறையுது, சியான் குறையுது. மிஞ்சுறது என்ன? மெஜந்தாவும் மஞ்சளும். ரெண்டும் சேர்ந்தால் சிவப்பு. எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிஞ்ச கலவை இது. பிறகு அந்தச் சிவப்பைக் காட்டித்தான் மெசினைத் திட்டுகினம்.

இந்த நோய் பிளெக்ஸோட வந்ததில்லை. கொடாக் நிறுவனம் போட்டோ லாப்களுக்கு அனுப்பின நிறச் சோதனை அட்டையில பல பத்தாண்டுகளாக இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அட்டைக்குப் பேரே 'ஷேர்லி'. அவவின் தோல் சரியா வந்தால் எல்லாம் சரி எண்டுதான் லாப்கள் வேலை செய்தன. கறுப்புப் பிள்ளைகளின் முகம் குழுப்படங்களில விபரமில்லாமல் இருண்டு கிடந்தது. தளபாடக் கம்பனிகளும் சொக்கிலேட் கம்பனிகளும் தங்கட மண்ணிறங்கள் பிரிஞ்சு தெரியேல்ல எண்டு முறைப்பட்ட பிறகுதான் விசயம் அசைஞ்சதெண்டு அங்க வேலை செய்தவையே பின்னாளில சொல்லியிருக்கினம். மனுசருக்கு அசையாதது அலுமாரிக்கு அசைஞ்சிருக்கு! எங்கட கடைகளில அந்த அட்டை இல்லை. ஆனா கொம்பியூட்டருக்கு முன்னால இருக்கிறவரின் தலைக்குள்ள ஒரு ஷேர்லி இருக்கிறா.

அப்ப எதைப் பார்த்துத் திருத்துறது? சாம்பல் நிறத்தைப் பார்த்து. தோலைப் பார்த்துத் திருத்தினால் ஆளாளுக்கு ஒரு ஆசை வரும். சாம்பலில ஆருக்கும் ஆசை இல்லை. முதலில நொசில் செக் அடியுங்கோ. சியான் நொசில் அடைச்சிருந்தால் பனர் முழுக்கச் சிவக்கும், அதைப் போட்டோஷொப்பில திருத்தேலாது. ரோல் மாறினால் அதுக்குரிய புரொபைலையும் மாத்துங்கோ. ஒரு பிளெக்ஸ் நீலம் பாய்ந்த வெள்ளை, இன்னொண்டு பால் வெள்ளை. பிறகு பனரின் ஓரத்தில ஒரு சாண் நீளத்துக்குச் சியான் 50, மெஜந்தா 40, மஞ்சள் 40 எண்டு ஒரு பட்டி அடிச்சால் அது ஏறக்குறைய சாம்பலா வரவேணும். ரோசாப் பக்கம் சாய்ஞ்சால் மெஜந்தா கூட அல்லது சியான் குறைவு. அதை ரியூப் லைற்றுக்குக் கீழ பாக்காமல் வாசலுக்குக் கொண்டுவந்து நிழலில பாருங்கோ. "சதுர அடிக்கு இந்தக் காசுக்கு இதெல்லாம் ஏலுமோ" எண்டு கேக்கிற முதலாளிமாரின் கஷ்டம் விளங்குது. திருவிழா நேரம் நெருக்கடிதான். ஆனா வெட்டி எறியிற ஓரத்தில அடிக்கிற ஒரு சாண் பட்டிக்கு என்ன செலவு?

இது அழகுப் பிரச்சினை மட்டும் எண்டால் நாங்கள் இவ்வளவு கத்தியிருக்க மாட்டம். 2017 மாசியில கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டம் தொடங்கினவை. அவையின் கையில இருக்கிறது படங்கள். பல வீடுகளில யுத்தத்துக்குப் பிறகு மிஞ்சினது ஒரேயொரு படம். அடையாள அட்டைப் படம், இல்லையெண்டால் ஒரு கலியாண வீட்டு அல்பத்தின் மூலை. பழைய கலர்ப் படங்களில சியான் சாயம் முதலில மங்கிப் போறதால அவை ஏற்கனவே சிவந்து கிடக்கும். அந்தச் சிவப்புக்கு மேல வெள்ளையாக்கலும் சேர்ந்தால், தேடுற அம்மா தூக்கிப் பிடிக்கிறது அவவின் மகனில்லை, ஆரோ ஒருவர். உங்களுக்குத் தெரியுமோ எண்டு ஊரைக் கேக்கிற படத்தில முகத்தின் நிறத்தை மாத்த எந்தக் கடைக்கும் உரிமையில்லை.

இந்தப் படங்களில ஒரு வசதி இருக்கு. கனபேர் வெள்ளைப் பள்ளிக்கூட உடுப்போட நிப்பினம். அந்தச் சேட்டின் மடிப்பில விழுந்த நிழல்தான் உங்கட சாம்பல். வெளிச்சம் பட்டு வெளிறின இடத்தைத் தொடாதேங்கோ. அம்மாமார் நீலம் போட்டுத் தோய்ச்ச சேட்டெண்டால் அது கொஞ்சம் நீலம் காட்டும், அதனால பின்னால சீமெந்துச் சுவர் இருந்தால் அதையும் ஒத்துப் பாருங்கோ. சேட்டும் சுவரும் நிறச் சாய்வில்லாமல் வந்தால் முகம் தன்ர நிறத்துக்குத் தானா வந்திடும். அதுக்குப் பிறகு முகத்தில கை வைக்காதேங்கோ.

பனர் குடுக்கப் போற ஆக்களுக்கும் ஒரு வேலை இருக்கு. முழுசா அடிக்க விடமுதல் முகத்தை மட்டும் அதே ரோலில, ஏ4 அளவில அடிச்சுத் தரச் சொல்லுங்கோ. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் முத்தத்தில வைச்சு, அவரை நல்லாத் தெரிஞ்ச ஒருவரிட்டக் கேளுங்கோ, இது அவர்தானோ எண்டு.