இன்றைக்கு இவ்வளவுதான் ஏலும்



முல்லைத்தீவுப் பக்கம் ஓர் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். 2009இல் கணவரையும் மகனையும் இழந்தவர். "செபமாலையை எடுத்தால் சொல் வருகுதில்லைத் தங்கச்சி. கடவுளுக்கு என்னில கோபமோ?" என்றார்.

எனக்கு நகோமியின் கதைதான் நினைவுக்கு வந்தது. கணவரையும் இரு மகன்மாரையும் இழந்தவள், தன்னை 'மாரா' என்றே அழைக்கச் சொன்னாள். மாரா என்றால் கசப்பு. விவிலியம் அந்தக் கசப்பை மறைக்கவுமில்லை, அவளைக் கண்டிக்கவுமில்லை. மருமகள் ரூத்து வயலில் பொறுக்கி வந்த வாற்கோதுமையைக் கண்ட மாலையில்தான் அவள் வாயில் மீண்டும் ஆண்டவரின் பெயரால் ஆசிமொழி வந்தது.

கேட்டிருந்த அக்கா எழுந்து கோழிகளுக்குத் தீன் போட்டார். அயல்வீட்டுப் பிள்ளையிடம் இரண்டு முட்டை கொடுத்துவிட்டார். "இண்டைக்கு இவ்வளவுதான் ஏலும்."

"இதுவும் செபம்தான் அக்கா" என்றேன்.

சகோதரிகளே, சொல் வராத நாளில் கை செய்யட்டும்.