கறுப்பு என்றால் கஷ்டம்தானா?

நெய்வேலி டவுன்ஷிப்பில் காலை எட்டு மணிக்கு ஏதாவது ஒரு வட்டத்தின் முனையில் நின்று பாருங்கள். பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள், ஸ்கூட்டியில் கல்லூரிக்குக் கிளம்பும் பெண்கள், கையில் பாங்க் பரீட்சை கைடோடு கோச்சிங் வகுப்புக்கு ஓடும் பெண்கள். இவர்களில் பெரும்பாலோர் மாநிறம் அல்லது கறுப்பு. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, தமிழ்நாட்டில் எந்த ஊரில் நின்று பார்த்தாலும் இதேதான். அதிசயம் என்னவென்றால், இந்தப் பெண்களைத் தமிழ் சினிமாவில் தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

கறுப்புப் பெண்களே திரையில் இல்லை என்று சொன்னால் அது பொய். இருக்கிறார்கள். குடிசையில் இருக்கிறார்கள், வயலில் இருக்கிறார்கள், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அழுதுகொண்டு இருக்கிறார்கள், ஹீரோ பார்த்து பயந்து ஓடுகிற காமெடி சீனில் இருக்கிறார்கள். சம்பளக்காரர் வீட்டுக் கறுப்புப் பெண்தான் இல்லை. குவார்ட்டர்ஸில் வளர்ந்து, பி.காம். படித்து, டாலியில் கணக்கு போடக் கற்றுக்கொண்டு, தோழியோடு சண்டை போட்டு, யாரையாவது காதலித்து அல்லது காதலிக்காமல் இருக்கிற சாதாரணப் பெண். அவள் வர வேண்டிய இடத்தில் எல்லாம் வேறு ஒருவர் வந்து நிற்கிறார்.

திரையில் கறுப்பு நிறம் வருமானச் சான்றிதழ் மாதிரி வேலை செய்கிறது. 2019-இல் வந்த 'ஐரா' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நயன்தாராவுக்கு இரட்டை வேடம். ஒருவர் யமுனா, பத்திரிகையாளர். இன்னொருவர் பவானி, பிறந்ததிலிருந்தே ராசியில்லாதவள் என்று பேச்சு வாங்குகிற பெண். யமுனா நயன்தாராவின் சொந்த நிறத்திலேயே வருகிறார். பவானிக்கு மட்டும் கறுப்பு மேக்கப்! நடிகை ஒருவர், முகமும் ஒன்று. வேலைக்குப் போகிறவளுக்கு ஒரு நிறம், துன்பப்படப் பிறந்தவளுக்கு வேறு நிறம். இரண்டையும் மாற்றிப் போட்டிருந்தால் கதைக்கு என்ன குறை வந்திருக்கும்?

அடுத்தது நெய்வேலிக்காரர்களுக்கு ரொம்பப் பக்கத்துக் கதை. 2021 நவம்பரில் வந்த 'ஜெய் பீம்'. 1993-இல் முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு போலீஸ் காவலில் இறந்துபோனதும், அவருடைய மனைவி விடாமல் நடத்திய சட்டப் போராட்டமும், அவருக்காக அப்போது வழக்கறிஞராக இருந்த சந்துரு வாதாடியதும்தான் படத்தின் அடிப்படை. முதனை எங்கோ இல்லை, கம்மாபுரம் பக்கம், நெய்வேலி சுரங்கங்களுக்கு அருகில். நிஜத்தில் அவர்கள் குறவர் சமூகம், படத்தில் இருளர் என்று மாற்றினார்கள். அந்த மனைவியாக நடித்தவர் கேரளத்தைச் சேர்ந்த லிஜோமோள் ஜோஸ். நடிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. படம் பார்த்த எத்தனையோ பேர் அவரை நிஜமாகவே அந்த ஊர்ப் பெண் என்று நினைத்தார்கள். ஆனால் நிறத்தைக் கூட்டிக்கொண்டுதான் அவர் அந்த வேடத்துக்கு வந்தார். படம் முடிந்து பேட்டிகளில் அவருடைய சொந்த நிறத்தைப் பார்த்து 'அட, இவங்களா அது!' என்று வாயைப் பிளந்தவர்களும் நாம்தான். அந்த வியப்பிலேயே விஷயம் இருக்கிறது. கறுப்பாக இருந்தது நடிப்பின் சாதனையாகிவிட்டது.

'நடிப்பு என்றாலே வேஷம்தானே, அதில் என்ன தப்பு?' என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. மலையாளி தமிழச்சியாக நடிக்கலாம், தமிழச்சி பஞ்சாபியாக நடிக்கலாம், யார் வேண்டாம் என்றார்கள்? வேஷம் ஏன் ஒரே திசையில் போகிறது என்பதுதான் இடிக்கிறது. வெளுத்த நடிகை கறுப்பு பூசிக்கொண்டு ஏழையானால் 'அர்ப்பணிப்பு' என்று பாராட்டு. கறுப்பு நடிகை ஒன்றும் பூசாமல் பாங்க் மேனேஜராகவோ ஆடிட்டராகவோ வந்து, கதை முழுக்க யாருமே அவர் நிறத்தைப் பற்றிப் பேசாத படம் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம். கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

டிவி பக்கம் வந்தால் நிலைமை கொஞ்சம் தேவலை, ஆனால் கொஞ்சம்தான். 2019-இல் விஜய் டிவியில் ஆரம்பித்த 'பாரதி கண்ணம்மா'வில் கண்ணம்மாவாக வந்த ரோஷினி ஹரிப்ரியனுக்கு நிறத்தைக் கூட்டித்தான் காட்டினார்கள். 2021-இல் சன் டிவியில் தொடங்கிய 'சுந்தரி'யில் கேப்ரியெல்லா செல்லஸ் தன் சொந்த நிறத்திலேயே நாயகியாக வந்தார், கலெக்டர் ஆக வேண்டும் என்ற கனவோடு. நல்ல விஷயம். ஆனாலும் இரண்டு தொடர்களிலும் நிறம்தான் கதையின் முதல் முடிச்சு. ஒருத்தியைச் சித்தி வெறுக்கிறாள், இன்னொருத்தியைக் கட்டினவன் வெறுக்கிறான். கறுப்புப் பெண் வந்தால் கறுப்பாக இருப்பதே அவளுக்கு முழுநேர வேலை. வேறு கவலைகளுக்கு அவளுக்கு நேரமே கொடுப்பதில்லை.

சரி, காமெடிக்கு வருவோம். 2007-இல் வந்த 'சிவாஜி'யை மறக்க முடியுமா? சாலமன் பாப்பையா தன் இரண்டு மகள்களை ரஜினிக்கு அறிமுகப்படுத்துகிறார். அங்கவை, சங்கவை. இருவர் முகத்திலும் அப்பிய கறுப்பு மேக்கப், தியேட்டர் முழுக்கச் சிரிப்பு. அதே படத்தில் ரஜினி வெள்ளையாக வேண்டும் என்று படாத பாடு படுவதும் உண்டு, ஒரு பாட்டில் கிராபிக்ஸில் வெள்ளையாகவே வருவார். அவர் கறுப்பு, அதனால் அவரை விரும்பும் கூட்டம் குறையவில்லை. ரஜினி, விஜயகாந்த், முரளி, தனுஷ், விஜய் சேதுபதி என்று கறுப்பு ஹீரோக்களைக் கொண்டாடியதில் தமிழ் ரசிகனுக்கு ஈடு இல்லை. அந்தக் கொண்டாட்டத்தில் அங்கவைக்கும் சங்கவைக்கும் மட்டும் இடம் இல்லை.

அந்தப் பெயர்கள் வேறு! பறம்பு மலையை ஆண்ட பாரியின் மகள்களுக்கு மரபு சொல்லும் பெயர்கள் அவை. தந்தையை இழந்து நின்றபோது பாரி மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு உண்டு. பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் காலத்துப் பாடல்களில் பெண்ணின் அழகுக்குச் சொன்ன சொல் மாமை. மாந்தளிர் நிறம் என்றும் கருமை என்றும் அதற்குப் பொருள் சொல்வார்கள். காதலன் பிரிந்து போனால் அந்த மாமை கெட்டு, உடம்பு வெளிறிப் பசலை படரும். வெளிறிப்போவது நோயின் அடையாளம்! இன்றைக்கு அந்தப் பசலையைத்தான் டியூபில் அடைத்து விற்கிறார்கள்.

விற்பனை என்றதும் மாவட்டப் பெருமை ஒன்றையும் சொல்ல வேண்டும். 1983-இல் கடலூரில் சின்னதாக ஆரம்பித்து, பாக்கெட் ஷாம்புவைக் கிராமத்துப் பெட்டிக்கடை வரை கொண்டுபோன ரங்கநாதனின் நிறுவனத்தை வணிகவியல் வகுப்புகளில் வெற்றிக்கதையாகச் சொல்வார்கள். நிஜமாகவே வெற்றிக்கதைதான். அதே நிறுவனம், கெவின்கேர், 1998-இல் குங்குமப்பூவும் பாலும் சேர்ந்தது என்று 'ஃபேரெவர்' கிரீமைக் கொண்டுவந்தது. 1975-லிருந்து 'ஃபேர் அண்ட் லவ்லி' வைத்திருந்த சந்தையில் ஒரு கடலூர்க்காரர் புகுந்து இடம் பிடித்தார். திறமையை மெச்சலாம். விற்ற பொருளை மெச்சுவதா என்பதுதான் கேள்வி.

'ஃபேர் அண்ட் லவ்லி'யின் பழைய விளம்பரம் ஒன்றில், மகன் இல்லையே என்று அப்பா புலம்புவார். மகள் கிரீம் போட்டு வெள்ளையாவாள், விமானப் பணிப்பெண் வேலை கிடைக்கும், வீட்டுக் கஷ்டம் தீரும். ஜனநாயக மாதர் சங்கம் எதிர்த்துப் போராடி, தேசிய மனித உரிமை ஆணையம் வரை போன பிறகு 2003-இல் அந்த விளம்பரம் நின்றது. கறுப்பாக இருப்பவர்களை மட்டமாகக் காட்டக் கூடாது என்று 2014-இல் விளம்பரத் தர கவுன்சில் விதி போட்டது. 2020-இல் கிரீமின் பெயரிலேயே 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. அந்த விளம்பரம் சொன்னது என்ன? வெள்ளை என்றால் வேலை, கறுப்பு என்றால் கஷ்டம். விளம்பரத்தை நிறுத்திவிட்டோம். சினிமா மட்டும் அதே கணக்கை இரண்டரை மணி நேரத்துக்கு இழுத்துக்கொண்டு இருக்கிறது.

நிறம் என்பதே யார் பக்கத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்ததுதான். 2020 பிப்ரவரியில் என்.எல்.சி. வளாகத்தில் 'மாஸ்டர்' ஷூட்டிங் நடந்ததையும், விஜய் வேன் மேல் ஏறிக் கூட்டத்தோடு செல்ஃபி எடுத்ததையும் ஊரே இன்னும் பேசும். அந்தப் படத்தின் கதாநாயகி மாளவிகா மோகனன் மும்பையில் வளர்ந்தவர். டீ குடித்தால் இவளை மாதிரி கறுத்துவிடுவாய் என்று ஒரு தோழனின் அம்மா மகனிடம் சொன்ன கதையை அவரே 2020-இல் எழுதினார். மும்பையில் கறுப்புக்கு உதாரணமாகக் காட்டப்பட்டவர், தமிழ் சினிமாவில் வெளுத்த ஹீரோயின் வரிசையில் நிற்கிறார். அப்படியானால் வட்ட முனையில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண் எந்த வரிசையில் நிற்பாள்?

'என்ன செய்வது, ரசிகர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள்' என்பது தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். டிமாண்ட் இருப்பதைத்தானே சப்ளை செய்ய முடியும்? ஆனால் சப்ளையே செய்யாத பொருளுக்கு டிமாண்ட் இல்லை என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 1978-இல் பாலசந்தர் 'மரோ சரித்ரா'வில் சரிதாவை அறிமுகப்படுத்தினார். கறுப்புப் பெண், கறுப்பு-வெள்ளைப் படம், தெலுங்கு வேறு. சென்னையில் ஐந்நூறு நாட்களுக்கு மேல் ஓடியது! அதையே 1981-இல் இந்தியில் எடுத்தபோது கமல் அப்படியே இருந்தார், சரிதாவின் இடத்தில் ரதி அக்னிஹோத்ரி. பிற்பாடு அதே சரிதா நக்மா, விஜயசாந்தி போன்றவர்களுக்குப் பின்னணிக் குரல் கொடுத்தார். குரல் வேண்டும், முகம் வேண்டாம்.

ஐஸ்வர்யா ராஜேஷ் இருக்கிறாரே என்பீர்கள். இந்த நிறத்துக்கு ஹீரோயின் வேடம் ஒத்துவராது என்று தன்னிடம் சொன்னவர்களைப் பற்றி அவரே மேடையில் பேசியிருக்கிறார். அதையெல்லாம் தாண்டி வந்தது சாதாரண விஷயம் இல்லை. ஆனாலும் அவரை ஊர் அறியச் செய்த 'காக்கா முட்டை' (2015) படத்தில் அவர் குடிசைப் பகுதியில் வாழும் இரண்டு பையன்களின் அம்மா.

இதற்கெல்லாம் பதில் 1988-லேயே வந்துவிட்டது. பாலு மகேந்திராவின் 'வீடு'. அர்ச்சனா நடித்த சுதா, ஆபீஸ் போகிறவள். தாத்தாவும் தங்கையும் அவள் பொறுப்பு. கல்யாணம் பேசி வைத்த ஒருவன் இருக்கிறான். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்ல, சொந்தமாக ஒரு வீடு கட்டக் கிளம்புகிறாள். பணத்துக்கு அலைச்சல், அனுமதிக்கு அலைச்சல், சிமெண்டைத் திருடி விற்கிற காண்ட்ராக்டர், கடைசியில் மனைக்கே வரும் சிக்கல். சுதா கறுப்பு. படத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை, அவளும் அதற்காக ஒரு சொட்டு கண்ணீர் விடுவதில்லை. அவள் கவலை எல்லாம் சிமெண்ட் மூட்டை பற்றி. அந்த நடிப்புக்குத் தேசிய விருது கிடைத்தது. ஒரு பெண்ணைப் பெண்ணாகவே காட்டுவதற்கு இவ்வளவுதான் வேண்டும், கவலைப்பட வேறு ஒரு விஷயம் கொடுத்தால் போதும்.

நெய்வேலியில் அப்படி ஒரு கதை வருஷா வருஷம் நடக்கிறது. அப்பா ரிட்டயர்டு ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பிறந்து வளர்ந்த வீடு, பின்கட்டில் வைத்த பலா, முருங்கை, எல்லாம் அடுத்த குடும்பத்துக்கு. பாங்க் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் மகள், கடலூரில் மனை வாங்குவதா விருத்தாசலத்தில் வாங்குவதா என்று முடிவு எடுக்க முடியாத அப்பா, எங்கேயும் போகமாட்டேன் என்று அடம் பிடிக்கும் பாட்டி. யாராவது படமாக எடுக்கலாம். கதாநாயகி தேடி மும்பைக்கு டிக்கெட் போட வேண்டாம், மேக்கப்பில் கறுப்பு டப்பாவும் வேண்டாம். காலை எட்டு மணிக்கு வட்ட முனைக்கு வந்தால் போதும், பஸ் வருவதற்குள் ஆள் கிடைத்துவிடும்.