தள்ளாட்டத்துக்கு ஒரு பெயர் வேண்டும்

வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவன் நான். கையெழுத்து மாறியிருந்தால் சந்தேகப்படுவது என் வேலை. ஒருநாள் என் சித்தப்பாவின் பணம் எடுக்கும் சீட்டே என் முன்னால் வந்தது. எழுத்துகள் கோணிக்கொண்டு கோட்டுக்கு வெளியே ஓடின. 'ஒத்துப்போகல' என்று திருப்பிக் கொடுத்தவனும் நான்தான்.

தூத்துக்குடி உப்பளங்களில் இருபது வருசத்துக்கு மேல் உப்பு வாரியவர் அவர். நாற்பது வயசு தாண்டியதும் வரப்பில் கால் நிற்கவில்லை. நாக்கு குழறியது. 'காலையிலேயே ஊத்திட்டு வந்துட்டான்' என்று கங்காணி வேலையை விட்டு நிறுத்தினார். எங்க தாத்தாவும் இப்படித்தான் நடந்தார். இப்போது அத்தைக்கும் தொடங்கியிருக்கிறது. அத்தை குடிக்கிறவளா? சேரிக்காரன் தள்ளாடினால் சாராயம் என்று முடிவுகட்ட இந்தச் சமூகத்துக்கு எந்தச் சோதனையும் தேவைப்படுவதில்லை. "காப்பித் தம்ளரப் புடிச்சாலே கை ஆடுதே யய்யா, அதுலயுமா சாராயம் இருக்கு?" என்று சித்தி கேட்பது யார் காதில் விழுகிறது?

டாக்டர்களிடமும் போனோம். ஒருவர் 'நரம்புத் தளர்ச்சி' என்று சத்து ஊசி போட்டார். லாட்ஜ் வைத்தியர்கள் சுவரெல்லாம் எழுதிவைக்கிற அதே வார்த்தை. இன்னொருவர் 'சொந்தத்துல கட்டுனீங்களா?' என்று திட்டினார். மூன்றாமவர் 'பரம்பரை' என்றார். அத்தோடு முடிந்தது. பரம்பரை என்பது விசாரணையின் தொடக்கமாக இருக்கவேண்டிய சொல். எங்களுக்கு அதுவே தீர்ப்பாகிவிட்டது.

குடும்பத்தில் நாலு பேருக்கு வருவதெல்லாம் பரம்பரையும் அல்ல. தொழுநோயையும் அப்படித்தான் நம்பினார்கள்; 1873இல் ஹான்சன் கிருமியைக் கண்டார். எங்கள் நரம்பைத் தின்பது கிருமியா, பி12 பற்றாக்குறையா, மரபணுவா, இல்லை சாராயமேதானா? பார்த்தால்தானே தெரியும்!

மரபணு என்றால் அதற்கும் பெயர் உண்டு. சிறுமூளை தேய்ந்து நடையும் பேச்சும் கையெழுத்தும் குலைகிற நோய்களில் ஒன்று எஸ்.சி.ஏ-1. அதற்குக் காரணமான மரபணு 1993இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. அப்பனுக்கோ ஆத்தாளுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொந்தத்தில் கட்டுவதால் வருவதல்ல இது. தமிழ்நாட்டிலேயே ஒரு சமூகத்தில் இந்நோய் மிகுந்திருப்பதை 2005இல் ஓர் ஆய்வு பதிவுசெய்தது. வட இந்தியாவில் அகர்வால் வணிகச் சமூகத்தில் எஸ்.சி.ஏ-12 என்ற வகை அதிகம். இதில் உயர்ந்த ரத்தம், தாழ்ந்த ரத்தம் எங்கே வந்தது? அகமணமே சாதியின் உயிர் என்று 1916இல் அம்பேத்கர் சொன்னார். அவனவன் சாதிக்கென்று கட்டிய வேலி, நோயையும் உள்ளேயே வைத்துப் பூட்டுகிறது.

'மருந்தில்லாத நோய்க்குப் பெயர் எதுக்கு?' என்று தோழர்களே கேட்கிறார்கள். எஸ்.சி.ஏ-1ஐக் குணமாக்கும் மருந்து இல்லைதான். ஆனால் இதே மாதிரித் தள்ளாட்டம் தருகிற பரம்பரை நோய்களில் ஒன்று வைட்டமின் ஈ கொடுத்தாலே கட்டுப்படும். எது எது என்று பார்க்காமலே கையை விரிப்பது மருத்துவமா? 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் நாள்பட்ட நரம்பியல் நோய்களையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் சான்றிதழில் நோயின் பெயரை நிரப்ப ஓர் இடம் இருக்கிறது. அங்கே 'குடிகாரன்' என்றா எழுதுவது?

மரபணுச் சோதனைக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். பெங்களூரு நிம்ஹான்சில் செய்கிறார்கள். நாள்கூலியை விட்டு, துணைக்கு ஓர் ஆளோடு அவ்வளவு தூரம் போக யாரால் முடியும்? 2021இல் ஒன்றிய அரசு அரிய நோய்க் கொள்கையை வெளியிட்டபோது அறிவித்த எட்டு சிறப்பு மையங்களில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் இல்லை. நாம் கேட்கவேண்டியது இது: மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே ரத்தம் எடுக்கட்டும், இலவசமாகச் சோதிக்கட்டும். முடிவை ரகசியமாக வைத்து, நம் மொழியில் உட்காரவைத்துச் சொல்லட்டும். தெரிந்துகொள்ள வேண்டாம் என்கிறவரின் உரிமையையும் மதிக்கட்டும்.

எங்கள் குடும்பத்துக்கு என்ன நோய் என்று இன்னும் தெரியாது. அப்பா முப்பத்து மூன்று வயதில் துறைமுகத்தில் சுமை விழுந்து செத்தார். தள்ளாடுகிற வயசு வரை அவர் இருக்கவில்லை. எனக்கு இப்போது முப்பத்தாறு. தினமும் காலையில் வருகைப் பதிவேட்டில் போடுகிற என் கையெழுத்தை நேற்றையதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

தோழர்களே, இனி நம் தெருவில் ஒருவர் தள்ளாடி வந்தால் வாயை மோந்து பார்க்காதீர்கள். 'உங்க அப்பா எப்படி நடந்தாரு?' என்று கேளுங்கள்.