குப்பை என்று எண்ணிப் பெயரை அழித்துவிடாதீர்கள்



சிரம்பான் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தோட்டம் கைமாறி, லயங்கள் இடிக்கப்பட்டு, உறவினர் ஆளுக்கொரு பட்டணத்தில் குடியேறிவிட்டார்கள். அவரவர் கையிலிருந்த பழைய படங்களை அவரவரே கணினியில் ஏற்றி, இப்போது எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். 4,000 படங்களுக்கு மேல் இருக்குமாம். திறந்து பார்த்தால் ஓரத்தில் நூற்றுக்கணக்கான குறிச்சொற்கள் நிற்கின்றன. "பாதி புரியவில்லை, பாதி வெறும் கிறுக்கல். எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்துவிடலாமா, ஐயா?" என்று கேட்கிறார்.

வேண்டாம், அம்மா. குப்பை இருப்பது உண்மைதான். ஆனால் அந்தக் குப்பைக்குள் ஆட்களும் இருக்கிறார்கள்.

முன்பெல்லாம் நம் வீட்டுப் பெரியவர்கள் படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வைப்பார்கள். ஆயாக் கொட்டகை, 1968, இடமிருந்து வலமாக இன்னார் இன்னார் என்று இருக்கும். கணினிப் படத்தில் அந்தப் பின்புறத்தின் வேலையைச் செய்வதுதான் குறிச்சொல். அது படத்தின் மேல் தெரியாது, கோப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும். பெயரைத் தட்டினால் அந்தப் பெயருக்குரிய படங்கள் எல்லாம் வந்து நிற்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் பத்துப் பேர் எழுதினால் பத்து விதமாகத்தானே இருக்கும்?

எது உண்மையான குப்பை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். படங்களைக் கணினியில் ஏற்றிய கடையின் பெயர் ஒன்று. மூட்டையாக ஏற்றும்போது, ஒரு கல்யாணத்துக்கு எழுதிய சொல் அடுத்த மூட்டையிலிருந்த கருமாதிப் படங்களுக்கும் ஒட்டிக்கொண்டது இன்னொன்று. இன்றைய செயலிகள் சில தாமாகவே படத்தைப் பார்த்து எழுதி வைக்கும் சொற்கள் மூன்றாவது. மரம், மனிதர், புன்னகை, வெளிப்புறம்! பால்மரத் தோப்பில் நிரை பிடித்து மரம் வெட்டிக்கொண்டிருக்கும் அம்மாவைப் பார்த்து 'வனம்' என்று அது எழுதினால், அதனால் யாருக்கு என்ன பயன்? இவற்றைத் தயங்காமல் அழித்துவிடுங்கள்.

இனித்தான் கவனம் வேண்டும். பட்டியலில் மிகவும் அசிங்கமாகத் தெரிபவை பெரும்பாலும் நம் தமிழ்ச் சொற்கள்தாம்.

குறிச்சொல்லைக் கோப்புக்குள் எழுதும் பழைய முறைக்கு ஐ.பி.டி.சி. என்று பெயர். 1990-களின் தொடக்கத்தில் செய்தி நிறுவனங்களுக்காக வகுத்தார்கள். அதில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட் இடம்தான் உண்டு. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் 64 எழுத்து தாராளமாக அமரும். யூனிகோட் தமிழிலோ 'க' என்று எழுதினால் 3 பைட், 'கோ' என்று எழுதினால் 6 பைட். 'மாரியம்மன் கோவில் திருவிழா' என்று எழுதிப் பாருங்கள், 74 பைட் ஆகிறது. அந்த விதியைக் கைக்கொள்ளும் செயலி அதை வெட்டிவிடும். மிஞ்சுவது 'மாரியம்மன் கோவில் திரு', அதன் வாலில் உடைந்த எழுத்து ஒன்றும் தொங்கலாம். பார்ப்பவர் அரைகுறை என்று நினைத்து அழித்துவிடுவார். 2001-இல் அடோபி நிறுவனம் கொண்டுவந்த எக்ஸ்.எம்.பி. என்னும் புதிய முறையில் இந்த 64 பைட் வரம்பு இல்லை. எனவே ஒரே படத்தில் வெட்டுப்பட்ட சொல் ஓரிடத்திலும் முழுச்சொல் இன்னோரிடத்திலும் இருக்கக்கூடும். முழுச்சொல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அரைச்சொல்லில் கை வைக்க வேண்டும்.

அடுத்தது கிறுக்கல். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', அதையடுத்து வட்டத்துக்குள் 'ஆர்' என்று மாற்றி மாற்றி ஒரு நீண்ட வரி வந்தால், அது கிறுக்கல் அன்று. யூனிகோட் தமிழை வேறு எழுத்துமுறை என்று செயலி தவறாகப் படித்தால் இப்படித்தான் தெரியும். உள்ளே எழுத்துகள் பத்திரமாக இருக்கின்றன. கணினி தெரிந்த பிள்ளைகளிடம் "இதை யூ.டி.எஃப்.-8 என்று படிக்கச் சொல்" என்றால், பெரும்பாலும் பெயர் திரும்பி வந்துவிடும். வெறும் கேள்விக்குறிகளாக நின்றால் மட்டும் அந்த இடத்தில் தமிழ் போய்விட்டது என்று பொருள். அப்போதும் அதே படத்தின் எக்ஸ்.எம்.பி. பகுதியைப் பார்த்துவிடுங்கள். யூனிகோட் பரவுவதற்கு முன் அவரவர் எழுத்துருவில் தட்டிய சொற்களும் உண்டு. அவை அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். எந்த எழுத்துரு என்று தெரிந்தால் அதையும் மாற்றிக்கொள்ளலாம்.

நம் நாட்டுப் பெயர்களுக்கே உரிய தொல்லை ஒன்றும் இருக்கிறது. அடையாள அட்டையில் உள்ளபடி 'முனியம்மா ஏ/பி ராமசாமி' என்று ஆங்கிலத்தில் தட்டுகிறோம். டிஜிகேம் போன்ற செயலியில் குறிச்சொல் தட்டும்போது நடுவிலுள்ள சாய்கோட்டுக்கு 'இதன் கீழ் இது' என்று பொருள். ஆகவே 'முனியம்மா ஏ' என்று ஒரு தலைப்பும், அதன் கீழ் 'பி ராமசாமி' என்று ஒரு பிள்ளையும் உண்டாகிவிடும்! 'பி ராமசாமி' யார் என்று குடும்பமே கூடி யோசிக்கும். அழிப்பதற்கு முன் மேலே உள்ள சொல்லோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

எழுத்துக்கூட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். லட்சுமி, லெட்சுமி, லெச்சுமி என்று பட்டியலில் மூன்று பேர் நிற்பார்கள். பதிவு செய்த குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார், அதுவே அந்த அம்மாளுக்கு ஆயுள் முழுவதும் பெயராயிற்று. மூன்றையும் ஒன்றாக்கிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். ஆனால் ஒரு தோட்டத்தில் மூன்று லட்சுமி இருப்பது அதிசயமா என்ன? ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய படங்களைத் திறந்து முகத்தைப் பாருங்கள். ஒரே ஆள்தான் என்று உறுதியானால் ஒரு பெயரின் கீழ் சேருங்கள். அப்போதும் அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலை விட்டுவிடாதீர்கள். பேரப்பிள்ளைகள் நாளைக்குத் தேடும்போது அதைத்தான் தட்டுவார்கள்.

இன்னொரு சந்தேகமும் பலருக்கு வருகிறது. அழித்த சொல் மறுநாள் மீண்டும் வந்து நிற்கிறதே, ஏன்? சில செயலிகள் தம் சொந்தக் கணக்கேட்டில் மட்டும் அடித்துவிட்டுக் கோப்பைத் தொடாமல் இருக்கும். கோப்பை மறுபடி படித்தவுடன் சொல் திரும்பிவிடும். ஐ.பி.டி.சி. பகுதியில் அழித்து எக்ஸ்.எம்.பி.யில் விட்டுவைத்தாலும் இதே கதைதான். 'மாற்றத்தைக் கோப்பில் எழுது' என்ற ஏற்பாடு இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு இடத்திலும் எடுக்க வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் எல்லாப் படங்களையும் இன்னொரு வட்டில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டை வேறு வீட்டில் வையுங்கள். ஃபில் ஹார்வி என்பவர் 2003-இல் வெளியிட்டு இன்றும் இலவசமாகத் தரும் எக்சிஃப்டூல், எல்லாக் குறிச்சொற்களையும் பட்டியலாக எடுத்துத் தரும். மாற்றம் செய்தால், வேண்டாமென்று நாம் சொன்னாலொழிய, பழைய கோப்பின் பெயரில் 'ஒரிஜினல்' என்று ஒட்டி அதையும் பக்கத்திலேயே வைத்துவிடும். ஆணைகளைத் தட்டி வேலை வாங்க வேண்டிய செயலி அது. படிவம் ஐந்து பிள்ளை ஒருவன் ஒரு மாலையில் கற்றுக்கொள்வான்.

ஒன்றை மட்டும் எந்த யோசனையும் இல்லாமல் எடுத்துவிடுங்கள். அடையாள அட்டையின் 12 இலக்க எண்ணையும் வீட்டு முகவரியையும் குறிச்சொல்லாக எழுதி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்த விவரங்கள் பொதுவாக உதிர்ந்துவிடும். ஆனால் தெளிவு குறையாதிருக்க 'ஆவணம்' என்று அனுப்பினால் அத்தனையும் கூடவே போகும். மலர் அச்சிடும் அச்சகத்துக்கு நாம் அப்படித்தானே அனுப்புகிறோம்?

மிச்சம் நிற்கும் பெயர்களைத் தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்துக்கொண்டு, பழைய தோட்டத்து ஆள்கள் இருக்கும் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். கைப்பேசியில் காட்ட வேண்டாம், அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. வாய்விட்டுப் படியுங்கள். "கங்காணி வீட்டு லெச்சுமியா, கொட்டகை லெச்சுமியா?" என்று அவர்களே கேட்பார்கள். பதிலைப் பென்சிலால் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கணினியில் ஏற்றுவதை வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்.